வான் மாமாவுடையது, ஸ்டியரிங் டிரைவர் கையில்

திருகோணமலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். "கூட்டாண்மை ஆளுகை" என்று கரும்பலகையில் எழுதியவுடனே வகுப்பு சோர்ந்து போகும். சொல்லே அப்படி. கம்பனியை நடத்துகிறவரை யார், எப்படிக் கண்காணிப்பது என்பதுதான் விஷயம். பாதிப் பேர் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனக்கவலை. ஏனென்றால் நாம் ஏறும் வாகனத்தின் பிரேக் முதல் நாம் மூச்சிழுக்கும் காற்று வரை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் என் மாமாவின் வானிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மாமாவிடம் ஒரு பழைய டீசல் வான் இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வரும் சுற்றுலாக்காரருக்கு ஹயர் ஓடுவதற்காக வாங்கியது. முழங்கால் வலியால் அவரால் நெடுநேரம் ஓட்ட முடியாது. ஒரு டிரைவரை வைத்திருக்கிறார். வான் மாமாவுடையது, ஸ்டியரிங் டிரைவர் கையில். காலையில் வான் படலையைத் தாண்டினால், அது எங்கே போகிறது, எத்தனை பேர் ஏறினார்கள், பள்ளத்தில் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று மாமாவுக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியும். முழுப் பாடமும் இந்த ஒரு இடைவெளிக்குள்தான் இருக்கிறது. புத்தகத்தில் இதற்கு முகவர் பிரச்சினை என்று பெயர். ஒருவருடைய சொத்தை இன்னொருவர் நடத்தும்போது, நடத்துகிறவருக்கு நல்லதாகப் படுவதும் சொந்தக்காரருக்கு நல்லதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

மாமா மூன்று விதமாகச் சம்பளம் கொடுத்துப் பார்த்தார். முதலில் மாதச் சம்பளம். ஹயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காசு வரும் என்பதால், வான் பெரும்பாலும் மர நிழலில் நின்றது. சரி என்று நாள் வாடகைக்கு மாற்றினார்: ஒரு நாளைக்கு இவ்வளவு தந்துவிட்டு மிச்சத்தை டிரைவரே எடுத்துக்கொள்ளலாம். வான் பறந்தது. விடியற்காலை தம்பலகாமம், மத்தியானம் புறாத்தீவுப் பயணிகள், இரவு கிண்ணியா. ஆனால் மூன்றாவது மாதம் கிளச் போனது. ஒயில் மாற்றவே இல்லை என்றும் தெரிந்தது. உழைப்பு டிரைவருக்கு, தேய்மானம் மாமாவுக்கு என்றால் வேறென்ன நடக்கும்? மூன்றாவது, வரும் காசில் பங்கு. இப்போது வானையும் பார்த்துக்கொண்டான், ஓடவும் ஓடினான். ஆனால் சில ஹயர்கள் கணக்கில் வராமல் போயின.

டிரைவர் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு ஏற்பாடும் ஒரு ஓட்டையை அடைத்து இன்னொரு ஓட்டையைத் திறக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆளைக் குறை சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் கடற்கரையில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. படகு ஒருவருடையது, கடலுக்குப் போகிறவர்கள் வேறு. செலவைக் கழித்துவிட்டு மிஞ்சியதைப் பங்கு பிரிக்கிறார்கள். மாமாவின் மூன்றாவது வழியும் இதுதான். ஆனால் மீனில் அது பெரும்பாலும் ஒப்பேறுகிறது, வானில் ஒப்பேறவில்லை. ஏன்? மீன் கரைக்கு வந்து எல்லார் கண்முன்னாலும் ஏலம் போகிறது. கரைவலை என்றால் இழுத்தவர்கள் அத்தனை பேரும் வலையைச் சுற்றி நிற்கிறார்கள். எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவுக்குப் போனது என்பது ஒளித்து வைக்கக்கூடிய விஷயம் இல்லை. வானுக்குள் ஏறும் பயணிகளை அப்படி யாரும் எண்ணுவதில்லை. பங்கு நியாயமாக இருக்க வேண்டுமானால் அளவு பலர் கண்ணில் பட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போகும்போது இதுதான் திரும்ப வரும்.

இனி வானைப் பெரிதாக்குவோம். ஒரு கம்பனிக்கு ஒரு மாமா இல்லை, ஆயிரக்கணக்கான மாமாமார் இருக்கிறார்கள். அவர்கள்தான் பங்குதாரர்கள். பலர் தொழிற்சாலையைக் கண்ணாலும் கண்டதில்லை. எல்லாரும் சேர்ந்து டிரைவரைக் கண்காணிக்க முடியாது என்பதால், சிலரைத் தெரிந்து இடையில் உட்கார வைக்கிறார்கள். அதுதான் பணிப்பாளர் சபை. கணக்கைச் சரிபார்க்க வெளியிலிருந்து கணக்காய்வாளர் வருகிறார். பிறருடைய காசை நடத்துகிறவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போல அதைக் காக்க மாட்டார்கள் என்று அடம் ஸ்மித் 1776-லேயே கவலைப்பட்டிருக்கிறார். 1976-ல் மைக்கேல் ஜென்சன், வில்லியம் மெக்ளிங் என்ற இருவர் இந்தக் கவலைக்கு விலை போட்டார்கள். சொந்தக்காரர் கண்காணிக்கச் செலவழிக்கிறார். மாமா ஜிபிஎஸ் பூட்டுவது போல. நடத்துகிறவரும் நம்பிக்கை காட்டச் செலவழிக்கிறார். டிரைவர் தானாகவே தினமும் ஹயர் கொப்பி எழுதிக் காட்டுவது போல. இவ்வளவு செய்த பிறகும் கொஞ்சம் கசியும். இந்த மூன்றையும் கூட்டினால் வருவதே முகவர் செலவு. அது பூச்சியமாக ஒருபோதும் வராது. ஒவ்வொரு நிமிடமும் கண்காணிக்கப் போனால் கண்காணிப்புக்கே வானை விற்க வேண்டியிருக்கும்.

கடனுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. லீசிங் தவணை மாதாமாதம் வரும் என்றால் கையில் வீண் காசு நிற்காது, வீண் செலவும் குறையும். ஜென்சன் 1986-ல் கம்பனிகளைப் பற்றி இதைத்தான் சொன்னார். ஆனால் தவணை இறுக்கினால் பிரேக் பாட் மாற்றுவதும் தள்ளிப்போகும்.

இதுவரை சொன்னது டிரைவருக்கும் மாமாவுக்கும் இடையிலான இழுபறி. மாமாமாருக்குள்ளேயே இன்னொன்று உண்டு. வானில் மாமாவுக்கு முக்கால் பங்கும் என் பெரியம்மாவுக்குக் கால் பங்கும் இருந்தால், டிரைவரை யார் தெரிவது? மாமாதான். பெரியம்மாவின் கால் பங்குக்குக் காசு வரும், சொல் இராது. இதற்கு உதாரணம் தேடி நாங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. இங்கே எண்ணெய்த் தாங்கிகள் வைத்திருக்கும் லங்கா ஐஓசி கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனி; அதில் ஏறத்தாழ 75 சதவீதம் இந்தியாவின் இந்தியன் ஒயில் கம்பனி கைவசம். மிச்சம் பொதுமக்கள் கையில். சீனக்குடாவில் தொழிற்சாலை வைத்திருக்கும் டோக்கியோ சிமெந்தின் பங்குகள் இரண்டு விதமாக விற்கப்படுகின்றன: வாக்குரிமை உள்ளது, வாக்குரிமை இல்லாதது. சட்டப்படி எல்லாம் ஒழுங்கானதுதான். வாக்கில்லாத பங்கை வாங்குகிறவர் எதை வாங்குகிறார், எதை வாங்கவில்லை என்று அறிந்து வாங்கினால் போதும்.

எங்கள் எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் இதே பாடம். பிரிட்டிஷ்காரர் கட்டியவற்றில் இப்போது இருப்பவை 99. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த புதுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐஓசிக்கு 49. இரண்டு சதவீத வித்தியாசத்துக்கு ஏன் அத்தனை பேச்சு என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் உண்டு. காசில் அது சின்ன வித்தியாசம். பங்குக்கு ஒரு வாக்கு என்று எண்ணும்போது, சாதாரணத் தீர்மானங்களை அது முடித்துவிடும்.

இனி புகைக்கு வருவோம். இலங்கையில் வருடா வருடம் வாகன வரிப்பத்திரம் எடுக்க வேண்டுமானால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். டீசல் வாகனம் என்றால் நிறுத்தி வைத்து, அக்சிலரேட்டரை மிதித்து, குழாயிலிருந்து வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். மாமாவின் வானுக்கும் அந்த நாள் வந்தது. முதல் நாள் மாலை ஒரு கராஜில் நிறுத்தினார். மெக்கானிக் டீசல் குறைவாகப் போகும்படி பம்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டார். அடுத்த நாள் வான் சுத்தமாகப் புகைவிட்டுச் சித்தியடைந்தது. அதற்கடுத்த நாள் ஏற்றத்தில் இழுக்கவில்லை. திரும்பக் கராஜுக்குப் போய்ப் பம்பைப் பழையபடி ஏற்றினார்கள். சான்றிதழ் ஒரு வருடத்துக்கு. சுத்தமான புகை ஒரு நாளைக்கு. நானும் அந்த வானில் உட்கார்ந்திருந்தேன், எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

இதையே ஒரு பெரிய கம்பனி கணினி மென்பொருளாக எழுதி, உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் பூட்டியது. ஜெர்மனியின் வொக்ஸ்வாகன்.

பொறியியல் பக்கத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். டீசல் இயந்திரம் சூடாக எரியும்போது நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. மூச்சுக்குழாயைத் தாக்கும் வாயுக்கள் அவை. அவற்றைப் பிடித்து அழிக்க ஒரு பொறி வைக்கலாம். ஆனால் அந்தப் பொறியை அடிக்கடி சுத்தப்படுத்த மேலதிக டீசல் எரிய வேண்டும். யூரியாக் கரைசல் பீய்ச்சலாம். ஆனால் அது தீர்ந்து தீர்ந்து நிரப்ப வேண்டியிருக்கும். குறைந்த விலை, குறைந்த டீசல், நல்ல இழுவை, சுத்தமான புகை: நான்கையும் ஒன்றாகக் கேட்டார்கள். கம்பனி 2018-க்குள் உலகின் முதலாவது கார்க் கம்பனியாக வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வைத்திருந்தது. ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில், யார் கண்ணிலும் படாததை விட்டுக்கொடுத்தார்கள்.

எப்படிச் செய்தார்கள்? பரிசோதனைக் கூடத்தில் கார் உருளைகளின் மேல் ஓடும். சில்லு சுற்றும், ஆனால் ஸ்டியரிங் திரும்பாது. வேகமும் எந்த நிமிடம் எவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்த ஒழுங்கில் போகும். இவற்றைப் பார்த்து, "இப்போது பரிசோதனையில் இருக்கிறேன்" என்று காரின் கணினி கண்டுகொள்ளும். உடனே முழுச் சுத்திகரிப்பையும் போடும். வீதிக்கு வந்ததும் குறைத்துவிடும். ஜெர்மனியையும் கலிபோர்னியாவையும் சேர்ந்த கணினி ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த மென்பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். கம்பனியின் சொந்த ஆவணங்களில் அதற்கு ஒலி சம்பந்தமான வேலை போலப் பெயர் வைத்திருந்தார்கள்.

கண்டுபிடித்தது அரசாங்கம் அல்ல என்பதை நான் வகுப்பில் இரண்டு தடவை சொல்வேன். அமெரிக்காவின் வெஸ்ட் வேர்ஜினியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு. அமெரிக்காவில் விற்கும் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்ற நல்லெண்ணத்தில் தொடங்கிய வேலை. தூக்கிப் போகக்கூடிய அளவுகருவியைக் காரின் பின்பெட்டியில் வைத்து வீதியில் ஓட்டினார்கள்; ஒரு காரை லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து சியாட்டில் வரை. கூடத்தில் சித்தியடைந்த அதே கார்கள் வீதியில் வேறு கதை சொல்லின. வொக்ஸ்வாகனின் ஜெட்டா கார் சட்ட அளவை விட 15 முதல் 35 மடங்கு, பஸாட் 5 முதல் 20 மடங்கு நைதரசன் ஒட்சைட்டு விட்டது. கூடவே ஓட்டிய பிஎம்டபிள்யூ பெரும்பாலும் அளவுக்குள் நின்றது. ஆகவே கருவியில் பிழை என்று தட்டிக்கழிக்க முடியவில்லை. 2014-ல் அறிக்கை வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் கம்பனி ஏதேதோ விளக்கம் சொன்னது. 2015 செப்டெம்பர் 18-ல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் குற்றச்சாட்டைப் பகிரங்கப்படுத்தியது. அடுத்த திங்கட்கிழமை பங்கு விலையில் ஐந்தில் ஒன்று கரைந்தது. அதே வாரம் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அபராதம், நட்டஈடு எல்லாம் சேர்ந்து கம்பனிக்கு 30 பில்லியன் யூரோவுக்கு மேல் போனது.

காசு போனது பங்குதாரருக்கு. மூச்சு போனது யாருக்கு? அமெரிக்காவில் இந்தக் கார்கள் அதிகமாக ஓடிய பகுதிகளைப் பொருளியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 2022-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளும், ஆஸ்துமாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். பங்குதாரர் பட்டியலில் இல்லாதவர்கள் அவர்கள். முகவர் பிரச்சினையை மாமாவுக்கும் டிரைவருக்கும் இடையில் மட்டும் வைத்துப் பேசினால், வீதியோரத்தில் புகையை விழுங்குகிற பிள்ளை விட்டுப்போகிறது.

சரி, அந்தக் கம்பனியில் கண்காணிக்க ஆள் இல்லையா? நிறைய இருந்தார்கள். ஜெர்மனிப் பெரிய கம்பனிகளில் இரண்டு சபைகள்: ஒன்று நடத்தும், மற்றது மேற்பார்வை பார்க்கும். வொக்ஸ்வாகன் மேற்பார்வைச் சபையில் 20 பேர். பாதிப் பேர் தொழிலாளர் பக்கம். மறுபாதியில் கம்பனியின் முதல் காரை வடிவமைத்த போர்ஷேயின் குடும்பத்தாரும், வாக்குரிமையில் 20 சதவீதம் வைத்திருந்த லோவர் சாக்சனி மாநில அரசும், கட்டார் நாட்டு முதலீட்டாளரும் அமர்ந்திருந்தார்கள். குடும்பத்தின் கையில் பாதிக்கு மேல் வாக்கு. ஒவ்வொருவரும் எதை விரும்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்துக்குப் பெருமையும் பிடியும். மாநிலத்துக்கும் தொழிலாளருக்கும் வேலைவாய்ப்பு. இவர்களில் யாருக்குமே "எங்கள் காரின் புகை எப்படி இவ்வளவு மலிவாகச் சுத்தமாகிறது?" என்று கேட்பதால் இலாபம் இல்லை. உள்ளே எந்தப் பிணைப்பும் இல்லாமல், பதில் பிடிக்காவிட்டால் எழுந்து போகக்கூடிய ஆள் குறைவு. வெளியே இருந்த சின்னப் பங்குதாரர் பலர் வாங்கியதோ வாக்கில்லாத முன்னுரிமைப் பங்கு. ஊழல் வெளிப்பட்ட பிறகு, 2003 முதல் கம்பனியின் நிதிப் பொறுப்பைப் பார்த்தவரே மேற்பார்வைச் சபைத் தலைவராக வந்தார். அவர் பிழை செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. தான் இருந்த வீட்டைத் தானே சோதிக்கும் நிலையில் ஒருவரை வைப்பது நல்ல ஆளுகை அல்ல என்பதே என் கருத்து.

பொறியியலாளர் பக்கத்தில் ஐரோப்பா நல்ல திருத்தம் செய்தது. 2017 செப்டெம்பர் முதல் புது மாடல்களை வீதியில் ஓட்டியும் அளக்க வேண்டும். மீனைக் கரையில் வைத்து எல்லாரும் பார்க்க ஏலம் போடுவது போல.

எங்கள் ஊருக்கு இதைவிடக் கிட்ட இருக்கும் கதை ஜப்பானின் டைஹாட்சு கார்க் கம்பனியுடையது. திருகோணமலை வீதியில் ஐந்து நிமிடம் நின்றால் அவர்களுடைய மிரா கார் ஒன்று கடக்கும். அந்தக் கம்பனி 2016 முதல் முழுவதும் டொயோட்டாவுக்குச் சொந்தம். 2023-ல் பாதுகாப்புப் பரிசோதனை மோசடி முதலில் உள்ளிருந்து ஒருவர் கொடுத்த தகவலால் வெளிவந்தது. பிறகு வெளியாரைக் கொண்டு அமைத்த குழு, டிசம்பரில் 64 மாடல்களில் மேலும் 174 முறைகேடுகளை அடுக்கியது. மிகப் பழையது 1989-ஐச் சேர்ந்தது. ஒன்று இது: பக்கவாட்டு மோதல் பரிசோதனையில் காற்றுப்பை மோதலை உணர்ந்து விரிய வேண்டும். அவர்கள் நேரங்காட்டி வைத்து விரிய வைத்தார்கள்.

இதில் யாரும் காசைச் சுருட்டவில்லை. அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியம். புது மாடலை மிகக் குறுகிய காலத்தில் வெளியிட வேண்டும் என்ற நெருக்கம், பரிசோதனையில் தோற்றால் தேதி தள்ளும், தேதி தள்ளக்கூடாது. கீழே உள்ளவர் "முடியாது" என்று சொன்னால் "அதை எப்படியாவது பார்" என்ற பதில்தான் வரும். முக்கியப் பொறுப்பு முகாமைத்துவத்தினுடையது என்று அந்தக் குழு எழுதியது. மேலே நல்ல செய்தி மட்டும் ஏறும் ஏணியும், கெட்ட செய்தி கீழேயே நின்றுவிடும் படியும் உள்ள கம்பனியில், பணிப்பாளர் சபை எத்தனை கூட்டம் போட்டாலும் என்ன காணும்?

இலங்கையில் 2007-ம் ஆண்டின் 7-ம் இலக்கக் கம்பனிச் சட்டம், பணிப்பாளர் நல்லெண்ணத்தோடு கம்பனியின் நன்மைக்காக நடக்க வேண்டும் என்கிறது. கொழும்புப் பங்குச் சந்தை 2023 அக்டோபர் முதல் ஆளுகை விதிகளை இறுக்கியிருக்கிறது. சுயாதீனப் பணிப்பாளர் சபையில் கட்டாயம் இருக்க வேண்டும், தலைவர் நாற்காலியும் தலைமை நிர்வாகி நாற்காலியும் ஒருவரிடம் இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். பங்கு வாங்க நினைக்கும் என் பழைய மாணவர்களுக்கு நான் சொல்வது: ஆண்டறிக்கையில் இலாபப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பணிப்பாளர் படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதை வாசியுங்கள். யார் யாருக்கு உறவு, யார் எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறார், கணக்காய்வுக் குழுவின் தலைவர் கம்பனியோடு வேறு வியாபாரம் செய்கிறாரா, உள்ளிருந்து முறைப்பாடு சொல்கிறவர் யாரிடம் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறதா. அரை மணித்தியாலம் போதும்.

மாமாவிடம் டைஹாட்சு கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "போன மாதம் பின் பிரேக்கில் சத்தம் வருது என்று அவன் இரண்டு தரம் சொன்னவன். சீசன் முடியட்டும் என்று நான்தான் சொன்னன்" என்றார். ஓகஸ்ட் மாதம், ஹயர் நிறைந்த நேரம். அடுத்த நாள் காலையில் டிரைவருக்குக் கோல் எடுத்து, வானை நேரே கராஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார். இரண்டு நாள் வான் நின்றது. அந்த இரண்டு நாளுக்கும் டிரைவருக்குப் பங்குக் காசைத் தன் கையிலிருந்து கொடுத்தார்.